கொக்கி போட்டிருந்த கோழிக்கூடு

குத்தகைதாரர்களின் பெயர்களைப் பதிவுசெய்ய என்னை ஒரத்தநாட்டுப் பக்கம் அனுப்பினார்கள். ஒருவர் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் அவரை வயலைவிட்டு வெளியேற்ற முடியாது. மிராசுதார் வீட்டில் உட்கார்ந்து எழுதாதே, வயலுக்கே போய்ப் பக்கத்து வயல்காரர்களைக் கேட்டு எழுது என்பதுதான் பயிற்சியில் நான் கற்ற முதல் பாடம்.

ஒரு மாலை, கொல்லையில் என் கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தபோது மிராசுதாரின் காரியஸ்தர் வந்தார்.

"செஞ்சேவல் ஜோரா இருக்கே சார்! நாளைக்கு வெயில்ல ஏன் அலையுறீங்க? நம்ம வீட்டுக்கே வந்து எழுதிடுங்க."

"வயல்லதான் எழுதணுங்க."

"புதுசா படிச்சிட்டு வந்திருக்கீங்க" என்று சிரித்தார்.

காலையில் கூட்டைத் திறந்தேன். பெட்டைகள் வந்தன, சேவல் இல்லை. திருடன் கதவைச் சாத்திவிட்டுப் போகமாட்டான். நான் மாட்டிய கொக்கி மாட்டியபடியே இருந்தது.

மிராசுதாரின் வயலுக்குப் போனேன். பக்கத்து வயல்காரர்கள் ஒருவரும் வரவில்லை. குத்தகைக்காரர் மட்டும் வரப்பில் நின்றிருந்தார். அவர் காலடியிலிருந்து வாய்க்கால் வரை சிவப்பு இறகுகள் சிதறிக் கிடந்தன.

பேனாவைத் திறந்தேன்.

"எம்பேரை எழுத வேணாம் சார்" என்றார். "எனக்குப் பிள்ளைங்க இருக்குங்க."