நீலச் சட்டையில் வெள்ளைக் கட்டம்

எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்காகத் தாம்பரத்தில் ஒரு கடையில் நீல டி-ஷர்ட் அடிக்கக் கொடுத்திருந்தேன். இன்று வாங்கப் போனால், எல்லாச் சட்டையிலும் லோகோவைச் சுற்றி வெள்ளைக் கட்டம்.

"என்ன சார் இது?"

"நீங்க லோகோவை ஜேபெக் ஃபைலா அனுப்பினீங்க மேடம். அதுல பின்னாடி வெள்ளையாதான் வரும். பேக்ரவுண்டை எடுத்துட்டு பிஎன்ஜி-யா அனுப்பியிருக்கணும்."

நான் முதல் முறையாகப் போனில் செய்த லோகோ அது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியாது.

"அடிக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல பாத்தீங்கல்ல? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே மேடம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இனிமே உங்க கடைப் படி ஏற மாட்டேன்" என்று கத்திவிட்டு, சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தேன். நாளை ஆராதனையில் அவற்றைப் போட்டுக்கொண்டுதான் பாடப்போகிறோம்.

பிஎன்ஜி என்று ஒன்று இருப்பதே தெரியாதவள், அதைப் பற்றி எப்படிக் கேட்டிருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.