மூத்தவளுக்கு ஒரு மூத்தவள்

பாவோம்போங் ஊரில் நெடுஞ்சாலை ஓரமாக, நிப்பா பனஞ்சாற்றைப் புளிக்கவைத்த காடி விற்கும் லியோனிலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமல் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. நாலு பிள்ளைகளில் மூத்தவள் என்பதால் அவள் ஆத்தே, பெரியக்கா. அடுத்தவள் பூரிதா, தித்சே. மூன்றாமவள் நெனிதா, ஸன்ஸே. கடைசியாகப் பிறந்த ரோடெல், காதோரம் நரைத்த பிறகும் வீட்டுக்கு புன்சோதான், கடைக்குட்டி. "ஆத்தேகிட்ட கேளு", "ஆத்தேகிட்ட வாங்கிக்க" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லியே பெற்ற தாயும் அவள் பெயரை விட்டுவிட்டாள். தாய் போய்ச் சேர்ந்த பிறகு, கட்டிய கணவன் பவுஸ்தோகூட நாலு பேர் முன்னால் அவளை ஆத்தே என்றே கூப்பிட்டான். முதலில் கேலிக்குத்தான். பிறகு அதுவே பழகிவிட்டது.

அந்தப் பெயருக்கு உண்டான வேலையை அவள் குறைவில்லாமல் செய்தாள். நெனிதாவைப் பெண் கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொன்னது அவள்தான். பூரிதாவின் பிரசவத்துக்கு உடன் போனதும் அவள்தான். மீசை முளைத்த ரோடெல் குடித்துவிட்டு வந்த அன்று நடுத்தெருவில் செருப்பைக் கழற்றினாள். அவனும் தலையைக் குனிந்துகொண்டு நின்றானே தவிர ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆத்தே அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மழைக்காலம் தொடங்கிய சமயம் அப்பா காசியானோ இறந்தார். சவப்பெட்டி கூடத்தில் இருந்தது. வாசலில் தார்ப்பாய் கட்டி, சாவு வீட்டு வழக்கப்படி அதன் கீழே சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மத்தியானம், வந்தவர்களுக்கு லியோனிலா கோழிக்கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். கறுப்புப் பாவாடை, கனத்த உடம்பு. நேராகப் பெட்டியருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கஞ்சிப் பானைக்கு வந்தாள்.

"நீதான் இந்த வீட்டு மூத்தவளா? உன் பேரு என்னம்மா?"

"எல்லாரும் ஆத்தேம்பாங்க. லியோனிலா."

"லியோனிலா" என்று அந்தப் பெண் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "நான் ஹெர்மினியா. ஒராணிலேருந்து வரேன். இவரு எனக்கும் அப்பா."

லியோனிலாவின் கரண்டி பானைக்குள்ளேயே நின்றது. வந்தவளின் காதுகளைப் பார்த்தாள். அகலமாக, நுனி வெளியே மடங்கிய அப்பாவின் காதுகள். சீட்டாடிக்கொண்டிருந்த பாசிங் அத்தையை, அப்பாவின் தங்கையை, கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். அத்தை சீட்டுகளைக் கீழே வைக்கவில்லை.

"ஆமாடி. கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணன் ஒராணி மீன் பண்ணையில வேலை பார்த்தான்ல, அப்பப் பொறந்தது. உங்கம்மாவுக்கும் தெரியும். சாவு வீட்டுல இதையெல்லாமா பேசுவாங்க?" என்று சொல்லிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டாள்.

விசாரித்ததில் ஹெர்மினியா லியோனிலாவைவிட மூன்று வயது பெரியவள் என்று தெரிந்தது. அன்று சமையலறையில் நாலு பேரும் கூடினார்கள்.

"அப்போ அவங்கதான் ஆத்தே. நீங்க தித்சே" என்று ரோடெல் கணக்குப் போட்டான்.

"அப்ப நான்?" என்றாள் பூரிதா. "இத்தனை வருஷமா நான் தித்சே. எம் புருஷன் வீட்டுல, மார்க்கெட்ல, கோயில்ல எல்லாம் தித்சே. இப்ப ஸன்ஸேவா இறங்கணுமா?"

"நீ ஸன்ஸேன்னா எனக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டாள் நெனிதா.

"நான் தப்பிச்சேன். கடைசி எப்பவும் கடைசிதான்" என்று சிரித்தான் ரோடெல்.

லியோனிலா சிரிக்கவில்லை. "இந்த வீட்டுல ஆத்தே ஒருத்திதான். அவங்களை எல்லாரும் அலிங் ஹெர்மினியான்னு கூப்பிடுங்க. மரியாதையாத்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டாள்.

அலிங் என்றால் மரியாதைதான். மீன்காரியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நெனிதா முதன்முதலாக அப்படிக் கூப்பிட்டுக் காப்பியை நீட்டியபோது, ஹெர்மினியா அதை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சவ ஊர்வலத்தில் பெட்டிக்குப் பின்னால் முதலில் லியோனிலா நடந்தாள். ஹெர்மினியா அக்கம்பக்கத்துப் பெண்களோடு கடைசியில் வந்து, இடுகாட்டிலிருந்து அப்படியே பஸ் ஏறிவிட்டாள்.

சில வாரம் கழித்து ரோடெல் தன் பங்குப் பனைத்தோப்பை விற்க வேண்டும் என்றான். மீன் பண்ணைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பணத்தில் ஜீப்னி வண்டி வாங்கி ஆள் ஏற்றி ஓட்டுவது அவன் திட்டம்.

"தோப்பைத் தொடக்கூடாது. அதுல பாளை சீவித்தான் உன்னை வளர்த்தோம்" என்றாள் லியோனிலா.

"என் பங்குதானே ஆத்தே."

"நான் மூத்தவ சொல்றேன்."

"நீங்கதான் மூத்தவங்களே இல்லையே இப்ப!"

சொன்ன மறுகணமே ரோடெல் வாயைப் பொத்திக்கொண்டான். லியோனிலா செருப்பைத் தேடவில்லை. காடிக் குடுவைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.  மறுநாள் காலையில், நாற்பதாம் நாள் பிரார்த்தனைக்கு ஒராணிக்காரியை அழைத்துவிட்டு வருகிறேன் என்று பவுஸ்தோவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சான் பெர்னாண்டோ வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று.

ஹெர்மினியா முற்றத்தில் உட்கார்ந்து பொடி இறாலில் உப்புப் பிசைந்துகொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து முக்காலியைக் காலால் நகர்த்திப் போட்டாள்.

"உக்காரு லியோனிலா. தித்சேக்குக் கால் வீக்கம் வத்திடுச்சா?"

லியோனிலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பூரிதா கால் வீக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காடி விக்க இந்தப் பக்கம் வரப்பல்லாம் அப்பா இங்க எட்டிப் பாத்துட்டுத்தான் போவாரு. உங்க வீட்டுக் கதைதான் பேசுவாரு. தித்சே மாமியார் சண்டை, ஸன்ஸே ரெட்டைப் பிள்ளை, புன்சோ குடி, எல்லாம் தெரியும். உன் பேரு மட்டும் தெரியாது. உன்னைச் சொல்லும்போது எப்பவும் ஆத்தேதான். 'ஆத்தே சொன்னா', 'ஆத்தே கோச்சுக்குவா'. என்கிட்டயே அப்படித்தான். எதிர்ல ஒருத்தி அவளுக்கும் மூத்தவளா உக்காந்திருக்கேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்ல? எங்கம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. தெருவுல ஹெர்மிங், சந்தையில அலிங். ஆத்தேன்னு கூப்பிட வீட்டுல யாரு இருந்தா?" ஹெர்மினியா இறாலைப் புரட்டிப் போட்டாள். "சாப்பிடறியா? பால்கெண்டை வறுத்திருக்கேன்."

சாப்பிடும்போது லியோனிலா பேசவே நினைக்கவில்லை. ஆனால் பாதி மீன் தின்பதற்குள் மனதில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள். தோப்பு, மீன் பண்ணைக்காரர், ரோடெல் சொன்ன வார்த்தை. இதை அவள் வேறு யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்? கீழே உள்ளவர்களிடம் மூத்தவள் முறையிட முடியாது. "தூக்கி வளர்த்தவகிட்ட பேசற பேச்சா அது? நீங்களே சொல்லுங்க ஆத்தே" என்றாள்.

சொன்ன பிறகுதான் அந்த 'ஆத்தே' அவள் காதிலேயே விழுந்தது. ஹெர்மினியா காட்டிக்கொள்ளவில்லை. முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.

"அவனுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தொண்ணு."

"அப்புறம் அவன் தோப்புக்கு நீ ஏன் காவல் நிக்கிற? வித்துத் தொலைக்கட்டும். ஆனா வெளியாளுக்கு வேண்டாம். முதல்ல தித்சே புருஷன்கிட்ட கேக்கச் சொல்லு."

லியோனிலாவுக்குச் சுருக்கென்றது. "இதைக் கேக்க நான் வரல."

"பின்ன எதுக்குடி வந்த?"

பாவோம்போங்கில் அவளை 'டி' போட்டுப் பேச பாசிங் அத்தை ஒருத்திதான் இருந்தாள். லியோனிலா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். திரும்பி வரும் பஸ் முழுக்க ஹெர்மினியாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ரோடெலைக் கூப்பிட்டு, அவள் சொன்னதை அப்படியே சொன்னாள். பூரிதாவின் கணவன் அந்தப் பங்கை வாங்கிக்கொண்டான். ஜீப்னியும் வந்தது.

நாற்பதாம் நாள் ஹெர்மினியா வந்தபோது, ரோடெல்தான் முதலில் போய், பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையாக அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தான். அவளுக்குக் கூப்பிடும் பெயரையும் அவனே கண்டுபிடித்தான்: ஆத்தே ஹெர்மிங். லியோனிலா வெறும் ஆத்தேயாகவே இருந்தாள். பூரிதா கடைசிவரை தித்சே பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு லியோனிலாவும் ஹெர்மினியாவும் ஒட்டி உறவாடினார்கள் என்று சொல்ல முடியாது. காடி இன்னும் புளிக்கவில்லை என்பாள் ஒருத்தி, இறாலில் உப்பு அதிகம் என்பாள் இன்னொருத்தி. ரோடெல் மகளின் கல்யாண உடுப்பு நிறத்துக்காக ஒரு வருஷம் பேச்சுவார்த்தையே இல்லை. ஆனால் ஹெர்மினியாவுக்கு முட்டியில் அறுவை நடந்தபோது ஆஸ்பத்திரியில் பாய் விரித்துப் படுத்தது லியோனிலாதான். நீங்க இவங்களுக்கு என்ன வேணும் என்று நர்ஸ் கேட்டாள்.

"தங்கச்சி" என்றாள் லியோனிலா.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த ஹெர்மினியா, "சூப்புல உப்பே இல்ல, போய்க் கேட்டு வாங்கிட்டு வா" என்றாள். அவளும் எழுந்து போனாள்.