ஹபீஸா சொல்லிக் கொடுத்த திட்டு

அமெரிக்காவில் எங்கள் இர்விங் அபார்ட்மெண்டில் ஹபீஸாவைத் தெரியாதவர் கிடையாது. கீழக்கரைப் பெண். புருஷன் வேலைக்காக ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் பல வருஷம் இருந்தவள். அங்கே முதியோர் இல்லச் சமையலறையில் வேலை பார்த்தாள். இன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறதென்றால் அவளால்தான்.

நான் தாராபுரத்துப் பரோட்டா மாஸ்டர். படிப்பு அஞ்சாவதோடு சரி. இங்கே கிரெக் என்ற ஆஸ்திரேலியாக்காரரின் பேக்கரியில் மாவு தேய்க்கிறேன். அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பேன். வாய்க்கு வாய் சார்.

ஒரு நாள் எல்லார் முன்னாலும் என்னை "கிழட்டு டிராங்கோ" என்றார். வீட்டுக்கு வந்து மகன் சபரியிடம் கேட்டேன்.

"இட் மீன்ஸ் இடியட், அப்பா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துணி துவைக்கும் அறையில் ஹபீஸா நின்றிருந்தாள். "நாளைக்கு வேலையை விட்டர்றேன் தங்கச்சி. முட்டாள்ங்கறான்" என்றேன். இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்? அந்தப் பயம் வேறு.

அவள் ஈரத்துணியோடு சிரித்தாள்.

"அண்ணே, அவரு மரியாதையா பேசுற ஆளு அங்க உண்டா?"

"ஒருத்தன் இருந்தான். ப்ளீஸ், தேங்க்யூ இல்லாம அவன்கிட்டப் பேசமாட்டாரு. போன வாரம் அனுப்பிட்டாரு."

"அதான்! ஆஸ்திரேலியாக்காரங்க பிடிச்சவங்களைத்தான் திட்டுவாங்க. பெர்த்துல ஒரு கிழவி எல்லாரையும் திட்டும், எனக்கு மட்டும் தேங்க்யூ டியர். ஒரு நாள் சூப்புல உப்பு கூடிப்போச்சு. 'அடி ராட்பேக்'னுச்சு. போக்கிரின்னு அர்த்தம். கூட இருந்தவங்க கைதட்டுனாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு, சந்தோஷத்துல. நீங்களும் திருப்பிக் குடுங்கண்ணே."

"மொதலாளியவா? கிறுக்கா உனக்கு?"

"வேலையை விடப்போறவருக்கு என்ன பயம்?"

மறுநாள் கிரெக் அடுப்பை எட்டிப் பார்த்தார். "இன்னிக்காவது கருக்காம எடுப்பியா, டிராங்கோ?"

நான் எழுந்திருக்கவில்லை. "போய்க் காபியைக் குடி, ராட்பேக்" என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

கிரெக் மேஜையில் ஓங்கித் தட்டினார். மாவு பறந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சார் சார்னு நீ தள்ளியே நின்னியா, என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன், மேட்" என்றார்.

மேட் என்றால் கூட்டாளியாம், சபரி அப்புறம் சொன்னான்.

அன்று சாயங்காலம் ஹபீஸாவுக்கென்று உருளைக்கிழங்கு வைத்துத் தனியாக ஒரு பப்ஸ் சுட்டுக் கொண்டுபோனேன். பேக்கரியில் பப்ஸுக்குள் வைக்கிற கறி ஹலால் இல்லை. நன்றி சொல்லத்தான் போனேன், அதெல்லாம் எனக்கு வாயில் வராது. தட்டை நீட்டினேன். கடித்துப் பார்த்தாள்.

"உப்பு கம்மி, ராட்பேக் அண்ணே!"

நல்லா இருக்கணும் அந்த வாய்.