ஏழாம் ஆணியில் தொங்கும் போன்

இளவரசியின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஏற்காட்டு மலையில், செம்மநத்தத்துக்குப் போகிற ஒடுக்கமான ரோட்டில், பஸ் முக்கி முனகித் திரும்புகிற வளைவில் இருக்கிற ஒரே கடை அது. டீ, பன், பிஸ்கட், சோப்பு, காலையில் சுட்டு வைத்த போண்டா. இதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். அவள் கடையில் மட்டும் கிடைக்கிற சரக்கு ஒன்று உண்டு. சிக்னல்.

வளைவை விட்டு அந்தண்டை இந்தண்டை நகர்ந்தால் போனில் ஒரு கோடுகூட நிற்காது. கீழே சரிவில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர்கள் போனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? சிக்னலைத் தேடியே சார்ஜ் தீர்ந்துவிடும். ஆகவே காலையில் இறங்கும்போதே இளவரசியிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஆணிக்கொரு துணிப்பை மாட்டியிருந்தாள். எந்த போன் அடித்தாலும் எடுப்பாள். முக்கியமென்றால் ரோட்டு விளிம்பில் நின்று குரல் கொடுப்பாள். அந்தக் குரல் இருக்கிறதே, அப்பப்பா! கீழே மேய்கிற காட்டெருமைகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

ஊர் போனையெல்லாம் எடுக்கிறவளுக்கு ஊர்ச்சேதி தெரியாமல் இருக்குமா? எந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யார் பையன் பரீட்சையில் கோட்டை விட்டான், யாருக்கு என்ன மாத்திரை, எல்லாம் அவள் காது வழியாகத்தான் போகும். ஆனால் காதோடு சரி, வாய்க்கு வராது. அவள் வீட்டுக்காரர் சதீஷ் லாரி ஓட்டுகிறவர். வாரக் கடைசியில் வந்து தலைகீழாக நின்று கேட்டாலும் ஒரு சேதி பெயராது. "உன்னைக் கட்டுனதுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டைக் கட்டியிருக்கலாம்" என்பார். இளவரசிக்கு அது திட்டாகவே தோன்றாது. புதுப்புடவை கட்டின மாதிரி ஒரு சந்தோஷம் வரும். அவள் சம்பாதித்த சொத்து அந்த ஒரு பெயர்தான்.

அந்தப் பெயருக்குத்தான் ஆபத்து வந்தது. ஆரம்பம் என்னவோ நல்ல எண்ணம்தான். ஒரு நாள் பலாமரத்துத் தோட்டத்து மாதையனுக்கு போன் வந்தது. சேலத்திலிருந்து பேசுகிறோம், ரொம்ப அவசரம் என்றார்கள். அங்கே கட்டிக்கொடுத்த மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இளவரசி பதறிப்போய்க் கத்தினாள். மனுஷன் மிளகு ஏணியிலிருந்து இறங்கி, மேடேறி, நாக்குத் தள்ள வந்து போனை வாங்கினார். "சார், உங்களுக்குப் பர்சனல் லோன் வேணுங்களா?" என்றது ஒரு இனிமையான குரல்.

"லோனுங்களா? மொதல்ல எனக்கு மூச்சைக் குடுங்க தாயி, லோனை அப்புறம் பாக்கலாம்" என்றார் மாதையன். பிறகு இளவரசியைப் பார்த்து, "இனி எவன் கூப்புடறான்னு தெரிஞ்சுட்டுக் கத்து புள்ள. என்ற உசுரு ஒண்ணுதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பன்னைத் தின்றார்.

அவளுக்கு அவமானமாகப் போயிற்று. அந்த வாரமே, அழைப்பது யார் என்று பெயர் காட்டுகிற ஆப் ஒன்றைத் தன் போனில் ஏற்றினாள். பை போனில் தெரியாத நம்பர் வந்தால் தன் போனில் அடித்துப் பார்ப்பாள். லோன்காரன் என்றால் கத்த வேண்டியதில்லை. ஏற்றும்போது அது என்னென்னவோ கேட்டது. தொடர்புகளைப் பார்க்கலாமா, மெசேஜைப் படிக்கலாமா, எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளலாமா. அடுப்பில் பால் பொங்குகிற நேரம். அனுமதி, அனுமதி, அனுமதி என்று பன்னில் வெண்ணெய் தடவுகிற வேகத்தில் தட்டித் தள்ளினாள்.

இங்கேதான் அவள் தன் போனில் ஊர்க்காரர் பெயர்களைப் பதிகிற முறையைச் சொல்ல வேண்டும். அந்தச் சரிவில் மாதையன் மட்டும் மூன்று பேர். வெறும் மாதையன் என்று பதிந்தால் விளங்குமா? "நம்ம மாதையன் பலாமரம்", "நம்ம மாதையன் பல்செட்", "நம்ம மாதையன் குறட்டை" என்று பதிந்திருந்தாள். எல்லாப் பெயருக்கும் முன்னால் ஒரு "நம்ம" போடுவது அவள் வழக்கம். கௌரியும் இரண்டு பேர். ஒருத்தி "நம்ம கௌரி பால்வாடி". இன்னொருத்தி ஏழாம் ஆணிக்காரி. கல்யாணமாகிச் சில வருஷமாகியும் குழந்தை இல்லை. புருஷன் சிவக்குமாரும் அவளும் யாருக்கும் சொல்லாமல் சேலத்தில் ஒரு டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தார்கள். மாமியாருக்குத் தெரிந்தால் இருக்கிற கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கொண்டு, பொழுதுக்கும் மருமகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று பயம். ஆஸ்பத்திரி போன் ஏழாம் ஆணிக்குத்தானே வரும், அதனால் இளவரசிக்கு மட்டும் தெரியும். அவளும் அடையாளத்துக்கு "நம்ம கௌரி குழந்தை டாக்டர்" என்று பதிந்து வைத்திருந்தாள். தன் போனுக்குள் எழுதுவது தன் மனசுக்குள் நினைப்பது மாதிரிதான் என்று அவளுக்கு எண்ணம்.

ஒரு நாள் கௌரி கடை வாசலில் நின்று ஏற்காட்டு மிளகு வியாபாரி மரியஜோசப்புக்கு போன் போட்டாள். அவர் எடுத்ததுமே, "ஏனுங்கம்மா, கொழந்தைக்கு டாக்டரைப் பாக்கறீங்களாட்ட இருக்குது. நானும் மாதாகிட்ட வேண்டிக்கறனுங்க, நல்லதே நடக்கும்" என்றார். பாவம், மனசாரத்தான் சொன்னார். கௌரிக்கு முகம் வெளிறிவிட்டது. மிளகைப் பற்றிப் பேசாமலே போனை வைத்தாள்.

"யாருகிட்டக்கா சொன்னீங்க?"

"என்னத்தைக் கண்ணு?"

"உங்களைத் தவுத்து இந்த மலைல யாருக்கும் தெரியாதுங்கக்கா. இன்னைக்கு முன்னப்பின்னப் பாத்துப் பழகாத யாவாரி எனக்காக வேண்டிக்கறேங்கறாரு."

"ஐயோ, எரியற இந்த அடுப்பு மேல சத்தியம் கண்ணு, நான் சொல்லல."

கௌரி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏழாம் ஆணிப் பையைத் தூக்கிப் பார்த்து, அதில் இருந்த சார்ஜரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் யாரிடம் என்ன சொன்னாளோ, ஒன்றுமே சொல்லாமல் முகம்தான் சொல்லிற்றோ, அடுத்த வாரத்துக்குள் பாதி ஆணி காலியாகிவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. "புது பேட்டரிங்க, சார்ஜ் நொம்ப நேரம் நிக்குது" என்றார் ஒருவர். "பையன் கையில இருக்கட்டும்னு உட்டுட்டனுங்க" என்றார் இன்னொருவர். டீ குடித்தார்கள், போண்டா தின்றார்கள், பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டார்கள். சண்டை போட்டிருந்தாலாவது திருப்பிக் கத்தியிருப்பாள். இளவரசிக்குச் சோறு இறங்கவில்லை. மாவு பிசைகிற கையோடு நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற டோமினிக் அன்றாடம் டீக்கு வருகிறவர். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"ஏனுங் இளவரசி, காலைல எரு ஏத்த ஜீப் வேணும்னு நம்ம மாதையன் போன் போட்டாரு. என்ற போன்ல பேரு என்னன்னு உழுந்துச்சு தெரியுமா? 'நம்ம மாதையன் பல்செட்'. அவுருக்குப் பல்செட்டுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க!"

இளவரசி டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டாள். இந்த மலையில் "நம்ம" என்று பெயர் போடுகிறவள் யார்? அவள்தான். "உங்க போனைக் கொஞ்சம் குடுங்கண்ணா" என்று வாங்கி, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அவர் போனில் இருந்த அதே ஆப்பில் கௌரியின் நம்பரை அடித்தாள். அவள் எழுதின எழுத்து அப்படியே வந்து நின்றது. மிளகு வியாபாரிக்கும் இப்படித்தான் தெரிந்திருக்கும். அடித்ததை அழித்துவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் வாயைத் திறக்கவில்லைதான். ஆனால் போனைத் திறந்துவிட்டுவிட்டாள். அனுமதி என்று தட்டின அன்றைக்கே அந்த ஆப் அவள் பதிந்திருந்த அத்தனை பெயரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. இனி கௌரி யாரைக் கூப்பிட்டாலும், அந்த ஆப் இருக்கிறவன் போனில் இளவரசி வைத்த பெயர் விழும். ஊரே கூடி நிற்கிற இடத்தில் மைக் வைத்துச் சொன்ன மாதிரிதான். அந்த நிமிஷமே தன் போனிலிருந்து ஆப்பை எடுத்து எறிந்தாள்.

"எடுத்தாப் பத்தாதுங்க" என்றார் டோமினிக். "எஸ்டேட்டுல கணக்கு எழுதற எங்க ரைட்டருக்கும் இப்படித்தான் ஆச்சு. நீங்க எடுத்தாலும் போன பேரு அங்கயேதான் கெடக்கும். அந்த கம்பெனியோட இன்டர்நெட் பக்கத்துல போயி, இந்த நம்பரை எடுத்துருன்னு ஒவ்வொண்ணா எழுதிக் கேக்கோணும். யாரு நம்பரோ அவங்க போனுக்கு ஓடிபி வரும்."

மூன்று போன் இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று பல்செட் மாதையனுடையது. ஓடிபி வந்ததும் தானே பார்த்துப் போட்டுவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும், ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. பையில் கைகூட விட்டாள். சீ, இதற்குப் பேர் என்ன என்று தன்னையே திட்டிக்கொண்டு கையை எடுத்தாள். பட்டப்பகலில் கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டாள். கடை வைத்த நாளாக அப்படிச் செய்ததில்லை.

ஒவ்வொரு தோட்டமாக இறங்கிப் போய்ச் சொன்னாள். பல்செட் மாதையன் முதலில் கோபப்பட்டார். பிறகு, "சரி, இந்த ஊட்டுல எம்பொண்டாட்டிக்கே இன்னைக்குத்தான் தெரியுது" என்று சிரித்தார். குறட்டை மாதையன்தான் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆப்பு கெட்டது, குறட்டையும் பொய் என்றார்.

கௌரி காப்பிச் செடிகளுக்கு நடுவே களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். இளவரசி அவளுக்கு எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"நான் வாயால சொல்லல கண்ணு. ஆனா வெளிய போனது எங்கிட்ட இருந்துதான்" என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

கௌரி கையிலிருந்த களையைக் கீழே போட்டாள். "எத்தன பேருக்கு தெரிஞ்சிருக்கும்க்கா?"

"தெரியல கண்ணு. அது தெரியாமத்தான் எனக்குத் தூக்கமே இல்ல."

"கௌரின்னு போட்டு, செவத்த புள்ளைன்னு போட்டிருந்தா ஆகாதுங்களா? கெடைச்சது டாக்டருதானா?" கேட்கும்போதே அவளுக்கு அழுகையும் வந்தது, ஓரத்தில் ஒரு சிரிப்பும் வந்தது. சாயங்காலம் மேலே வந்து, ஓடிபியைத் தானே போட்டு, நம்பரை எடுக்கச் சொல்லிக் கேட்டாள். ஆனால் போனை ஆணியில் மாட்டவில்லை. தன்னோடேயே எடுத்துக்கொண்டு போனாள். இளவரசியும் கேட்கவில்லை, கேட்க அவளுக்கு என்ன வாய் இருக்கிறது?

அதற்குப் பிறகு இளவரசியின் போனில் ஆள் பெயரே இல்லை. ஆணி ஒன்று, ஆணி இரண்டு, அவ்வளவுதான். எந்த ஆணி யாருடையது என்பது அவள் மண்டைக்குள் இருக்கிறது. புதிதாக எதையும் ஏற்றுவதற்கு முன் பாலை இறக்கி வைத்துவிட்டு, கேட்கிறதை ஒவ்வொன்றாகப் படிக்கிறாள். டார்ச் ஆப் ஒன்று தொடர்புகளைக் கேட்டதற்கு, "வெளிச்சம் போட எங்க சித்தி நம்பரு எதுக்குடா உனக்கு?" என்று போனையே திட்டினாள். மிளகு விலை சொல்கிற இலவச ஆப் என்று டை கட்டிக்கொண்டு ஒரு தம்பி வந்தான். "வெலை சொல்றதுக்கு எம்பட போட்டோவெல்லாம் எதுக்குங் தம்பி?" என்றாள். அவன் டீயைக் குடித்துவிட்டு இறங்கிப் போனான். தெரியாத நம்பர் வந்தால் இப்போதெல்லாம் நேராகவே கேட்டுவிடுகிறாள், "லோனுங்களா?" என்று. எதிரில் தடுமாறினால் வைத்துவிடுவாள். எந்த ஆப்பையும்விட இது நன்றாக வேலை செய்கிறது.

போன்கள் ஒவ்வொன்றாக ஆணிக்குத் திரும்பின. பலாமரத்து மாதையன் முதல் ஆளாகக் கொண்டுவந்து மாட்டினார். ஏழாம் ஆணி மட்டும் காலியாகவே இருந்தது. பிறகு ஒரு காலை கௌரி வந்தாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு இறங்கினாள். இளவரசி அன்றைக்குப் போண்டாவுக்கு உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள், சந்தோஷத்தில்.

மழை விட்டிருந்த ஒரு பகலில் ஏழாம் ஆணியில் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். "கௌரிங்களா? டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சு" என்று ஆரம்பித்தாள்.

"இருங்க இருங்க, சொல்லாதீங்க! அவங்க வந்து பேசுவாங்க, அவங்ககிட்டயே சொல்லுங்க" என்று வைத்துவிட்டு, விளிம்புக்கு ஓடிக் குரல் கொடுத்தாள். கௌரி ஏறி வந்து திருப்பிக் கூப்பிடும்போது, வேண்டுமென்றே உள்ளே போய்ப் பாத்திரங்களைக் கடகடவென்று உருட்டிக் கழுவினாள்.

சத்தம் போதும் என்று தோன்றித் திரும்பியபோது கௌரி கதவருகே நின்றிருந்தாள். கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. போனை ஏழாம் ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்தில் காலியாக இருந்த எட்டாம் ஆணியைத் தொட்டாள்.

"இதை யாருக்கும் குடுத்துறாதீங்கக்கா. எங்கூட்டுக்கு இன்னொரு ஆளு வருது."

இளவரசி ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை சதீஷ் வந்தார். டீயைக் குடித்தபடி சுவரைப் பார்த்தவர், எட்டாம் ஆணியில் பூப்போட்ட புதுப் பை ஒன்று வெறுமனே தொங்குவதைக் கண்டார்.

"ஏம்புள்ள, போனே இல்லாம பை தொங்குது? யாருது?"

"சும்மா தச்சு மாட்டுனனுங்க. இன்னொரு போண்டா வெக்கட்டுங்களா?" என்றாள் இளவரசி.