வெங்கிடி அண்ணாவின் முகத்தில் நாங்கள் படிக்காதது

இரண்டு வாரம் முன்பு ஒரு காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றிருந்தேன். எதிர்வீட்டு லலிதா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, "டீச்சர், வெங்கிடி அண்ணா போயிட்டார். தூக்கத்திலயே. மன்னி காப்பி கொண்டுபோய் எழுப்பினப்போதான் தெரிஞ்சுதாம்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே ஓடினேன். திருவனந்தபுரத்துக் கரமனையில் எங்கள் தெருவில் அவர் வீடு என் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி.

கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பல வருஷமாக ஒரு நிமிஷமும் ஓயாமல் எதையோ மென்றுகொண்டே இருந்த அந்த வாய் ஓய்ந்திருந்தது. அவர் மனைவி பகவதி மன்னி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாருங்கோ டீச்சர், இப்பத்தான் அவர் மொகம் அவர் மொகமா இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் கதையை, அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்குமாக எழுதிவைக்க நினைக்கிறேன்.

வெங்கிடேஸ்வரன் என்ற முழுப்பெயரால் அவரை யாரும் அழைத்ததில்லை. ஆரியசாலையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் வேலை பார்த்தார். மல்லியும் மிளகாயும் மணக்கும் சட்டையோடு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்குவார். தெருவில் அவருக்கு இருந்த பெருமை வேறு. பஜனை மடத்தில் வருஷா வருஷம் ராதா கல்யாணத்துக்குப் பெரிய சாப்பாடு நடக்கும். எங்கள் தெரு ஆண்கள்தான் பரிமாறுவார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதைக் கிச்சா மாமா தீர்மானிப்பார். உப்பும் ஊறுகாயும் புதிதாக வருகிறவர்களுக்கு. சாம்பாருக்குக் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். ரசம் மட்டும் எப்போதும் வெங்கிடி அண்ணாவுக்கு. இடது கையில் கொதிக்கும் வாளி, வலது கையில் கரண்டி, குனிந்த முதுகு, அந்த வேகம்! சோற்றில் நாம் பண்ணி வைத்த குழிக்குள் ரசம் விழும். ஒரு சொட்டு பக்கத்து இலைக்குப் போகாது. பந்தியின் கோடியில் கிச்சா மாமா கத்துவார்: "வெங்கிடி வரான், எல்லாரும் குழி தோண்டிக்கோங்கோ!" அண்ணா திருப்பிச் சொல்லுவார்: "மாமா, ஒங்க எலையில கெணறே தோண்டியாச்சு போலிருக்கே!" பந்தி முழுவதும் சிரிக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்கு அந்த மனநோய் வந்தது. முதலில் கடையில் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னார். பிறகு அந்தக் குரல்கள் வீட்டுக்கும் வந்தன. மன்னி போட்ட சோற்றில் விஷம் இருக்கிறதென்று சாப்பிட மறுத்தார். ஆஸ்பத்திரியில் காட்டி, ஹாலோபெரிடால் என்ற மாத்திரை தொடங்கினார்கள். சில வாரங்களில் என்னிடம் அவரே சொன்னார்: "சத்தம் நின்னுடுத்து டீச்சர். பக்கத்தாத்து ரேடியோவ யாரோ அணைச்ச மாதிரி. என்ன ஒரு சுகம்!"

அந்தச் சுகத்தை அந்த மாத்திரைதான் கொடுத்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனிச் சொல்லப்போவது அதன் மறுபக்கம்.

மெல்ல மெல்ல அவர் நடை குறுகியது. கைகள் வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டன. விரல்கள் நடுங்கின. உட்கார்ந்தால் உட்காரமுடியாமல் எழுந்து, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். "நோய் முத்திடுத்து" என்றது தெரு. எல்லாவற்றையும்விட அவர் முகம் மாறியது. சிரிப்பும் கோபமும் கூச்சமும் அதில் எழுதப்படாமலே போயின. துடைத்துவைத்த கரும்பலகை போல இருந்தது. இதெல்லாம் மருந்தால் வந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நோயைப் பற்றி டாக்டரிடம் பேசலாம் என்று தெரிந்த நாங்கள், நடையைப் பற்றியும் முகத்தைப் பற்றியும் பேசலாம் என்று நினைக்கவில்லை.

அந்த வருஷம் ராதா கல்யாணம் வந்தது. அண்ணா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாளிப் பக்கம் வந்து நின்றார். கிச்சா மாமா நல்ல மனசோடுதான் சொன்னார்: "வெங்கிடி, இந்தத் தடவை நீ உப்பு எடுத்துக்கோ. கனம் இல்லே பாரு. ஒனக்குச் சௌகரியம்."

அண்ணா சின்ன உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் நடுங்கும் விரலால் ஒரு துளி வைத்துக்கொண்டே போனார். யாரோ ஒருவர் மலையாளத்தில் கேலியாக, "எந்தாடோ வெங்கிடி, பிரமோஷன் ஆக்கும்!" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "பாவம், அவனுக்கு அதெல்லாம் இப்போ ஒறைக்கிறதில்லே, அதுவும் நல்லதுக்குத்தான்" என்று கிச்சா மாமா ஆறுதலாகச் சொன்னார். நாங்கள் எல்லோரும் அப்படியே நம்பினோம்.

அடுத்த வருஷம் விழாவுக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அவரிடம் ஒரு மாற்றம். கை வீசி நடந்தார். விரல் நடுக்கம் போயிற்று. பழைய கேலி திரும்பியது. "வெங்கிடி பழைய வெங்கிடி ஆயிட்டான்!" என்று தெருவே கொண்டாடியது. கிச்சா மாமா தானே வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அன்றைக்கு அவர் பரிமாறிய ரசத்தைப் போல அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் இலைக்கு முன் குனிந்து, "டீச்சர், குழி போறாது, இன்னும் தோண்டுங்கோ" என்று சொன்னபோது அவர் கண் சிரித்தது.

அவர் மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தார். மன்னிக்குக்கூடத் தெரியாது. நடுக்கம் எப்படிப் போயிற்று என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

விழா முடிந்து சில நாளில் குரல்கள் திரும்பின, முன்னைவிடக் கடுமையாக. ஒரு காலையில் அவரைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனக்காட்டிலிருந்து ஆள் வந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறி மலைக்குப் போய், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தின் பின்னால் மழையில் நனைந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். அங்கே வேலை செய்யும் தமிழ்க் குடும்பம் ஒன்று உள்ளே அழைத்து, பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்து, கம்பளி போர்த்தி வைத்திருந்தது. "ஐயா யாரையும் தொந்தரவு பண்ணல. அவருகூட யாரோ சண்டை போடுறாங்க, அதான் பயந்துட்டாரு" என்று அந்த வீட்டுப் பெண் மன்னியிடம் சொன்னாளாம்.

இந்த முறை ஆஸ்பத்திரிக்கு மன்னியோடு நானும் போனேன். டாக்டர் பொறுமையான பெண்மணி. மூளையில் டோபமின் என்ற ஒரு பொருள் செய்தி கொண்டுபோகிறது. அந்தச் செய்தியை வாங்கும் வாசல்களை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. அதனால்தான் குரல்கள் அடங்குகின்றன என்றார். எனக்கு உதாரணம் இல்லாமல் எதுவும் ஏறாது. "ஒரு தெருவில பைப்பு ஒடைஞ்சு வெள்ளம் போறதுன்னு மெயின் வால்வ மூடினா, பக்கத்துத் தெருவிலயும் தண்ணி நின்னுடுமே, அந்த மாதிரியா?" என்று கேட்டேன். அவர் சிரித்து, "அதேதான். பக்கத்துத் தெருதான் கை, கால், முகம் எல்லாம் அசையிற இடம்" என்றார். விறைப்பு, நடுக்கம், முகம் அசையாமை, உட்காரமுடியாத தவிப்பு எல்லாமே வால்வை மூடியதன் பலன். அளவைக் குறைக்கலாம், நடுக்கத்துக்கு வேறொரு மாத்திரை சேர்க்கலாம். "ஒரு தடவை வந்து சொல்லியிருந்தா போதுமே" என்றார். மன்னி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

குணமாகி வந்தபின் ஒருநாள் அண்ணா என்னிடம் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "அன்னிக்கு உப்புக் கிண்ணத்தோட நடந்தப்போ எனக்கு ஓன்னு அழணும்போல இருந்தது டீச்சர். மொகம் வரல்லே. மொகத்தில ஒண்ணும் தெரியல்லேன்னா உள்ளேயும் ஒண்ணும் இல்லேன்னு நெனச்சேள், அல்லே?"



அளவு குறைந்த மருந்தோடு, கையில் லேசான நடுக்கத்தோடு, அவர் கடைக்குத் திரும்பினார். அடுத்த விழாவில் வாளியைக் கிச்சா மாமா நீட்டியபோது, "மதி மாமா, போறும். கையும் அமைதியும்னு ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும்னா எனக்கு அமைதி மதி" என்று மறுத்துவிட்டார். அதன் பிறகு அவர் மடத்தில் பரிமாறவே இல்லை. ஆண்டுகள் கழிந்து அந்த மருந்தின் இன்னொரு விளைவு வந்தது: உதடும் நாக்கும் தாமாகவே அசையத் தொடங்கின. புதிய வகை மருந்துக்கு மாற்றினார்கள். விறைப்பு தளர்ந்தது, முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது, ஆனால் வாயின் அசைவு நிற்கவில்லை. சிலருக்கு அது அப்படியே தங்கிவிடும் என்றார் டாக்டர். ஒரு கல்யாணத்தில் வெளியூர்க்காரர் ஒருவர், "மாமா என்ன, எப்பவும் வெத்தலையா?" என்று கேட்டார். "ஆமாம், தீரவே தீராத வெத்தல. ஒமக்கு வேணுமா?" என்றார் அண்ணா. கேட்டவர் சிரித்தார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அதற்குள் எனக்கு அங்கே பார்க்கத் தெரிந்திருந்தது.

இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது இப்படி ஒருவர் இருந்தால், அவர் மாத்திரையைத் தானாக நிறுத்த விடாதீர்கள். ஆனால் கை நடுங்கினால், நடை குறுகினால், முகம் உறைந்தால், அதை நோயின் கணக்கில் எழுதிவிடாமல் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் அத்தனை பேர் பார்த்தோம், ஒருவரும் சொல்லவில்லை.

நேற்று பதின்மூன்றாம் நாள் சாப்பாடு மடத்தில் நடந்தது. சாம்பார் முடிந்து ரச வாளி பந்திக்குள் வந்தது. கிச்சா மாமா தள்ளாத வயதில் நாற்காலியில் உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சமையற்கட்டு வாசலிலிருந்து பகவதி மன்னியின் குரல் கேட்டது: "எல்லாரும் குழி தோண்டிக்கோங்கோ."

தோண்டினோம். வாளி கொண்டுவந்தவரின் கை புதியது. ரசம் என் குழியைத் தாண்டி இலையெல்லாம் ஓடியது. நான் கையால் அணைகட்டவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

போய் வாருங்கள், அண்ணா. அங்கே உங்கள் கையும் உங்கள் அமைதியும் ஒன்றாகவே இருக்கட்டும்.