கூடைக்குக் கழித்த இரண்டு கிலோ

குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிற றஜிந்தன் மூன்று வருடமாக ஒரு கார் செய்துகொண்டிருந்தான். இரும்புக் குழாய்களை ஒட்டிய கூடு, விபத்தில் நசுங்கிய ஒரு மாருதியின் எஞ்சினும் நான்கு சில்லுகளும், ஒரேயொரு இருக்கை. கதவில்லை, கண்ணாடியில்லை. தெருவில் ஓட்டுகிற வண்டியல்ல அது; பந்தயத் திடலில் சுற்றுவதற்கு மட்டும். தெற்கில் நடக்கும் ஒரு பந்தயத்தில் வீட்டில் செய்த கார்களுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. கார் ஐந்நூறு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெரிய எஞ்சின்காரர்களோடு ஓட வேண்டும். அது துடுப்பு வள்ளத்தில் போய் ட்றோலரை முந்தப் பார்க்கிற வேலை.

எடை பார்க்கப் பக்கத்து வளவில் கிறிஸ்துநாயகத்தின் தராசு இருந்தது. அவர் மீன் வாங்கிக் கொழும்புக்கு ஏற்றுகிறவர். திங்கட்கிழமை மீன் விலைபேசல் முடிந்து தரை கழுவியபின் காரை அங்கே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சில்லைத் தட்டில் ஏற்றி, மற்ற மூன்றையும் அதே உயரப் பலகைகளில் வைத்து, சில்லு மாற்றி நான்கு தடவை எடை பார்த்தார்கள். முன்சில்லுகள் நூற்று ஐம்பத்துமூன்று, நூற்று ஐம்பத்தொன்று. பின்சில்லுகள் இரண்டும் தொண்ணூற்றாறு. மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்றாறு.

நாலு கிலோ மிச்சம். அத்தோடு பின் பிறேக் பற்றி வீட்டில் நடந்த வழக்கு முடிந்ததென்று றஜிந்தன் நினைத்தான்.

அது நீண்ட வழக்கு. பின்சில்லுகளில் இருந்தவை மாருதியின் பழைய டிறம் பிறேக்குகள். வார்ப்பிரும்பு, பாரம். ஒரு மாதத்துக்கு முன் அவற்றைக் கழற்றிவிட்டு, பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் முன்சில்லில் பூட்டுகிற டிஸ்க் பிறேக் இரண்டைப் பூட்டிப் பார்த்திருந்தான். எட்டுக் கிலோ குறைந்தது. ஆனால் அவற்றின் இரட்டைப் பிஸ்டன்கள், மாருதியின் சின்னப் பம்ப் தள்ளுகிற எண்ணெய் முழுவதையும் குடித்தன. பெடல் அடிவரை இறங்கியது. இரண்டாம் தடவை மிதித்தபோதுதான் கார் நின்றது, அதுவும் கருவாட்டுப் பந்தலில் மூக்கை வைத்துக்கொண்டு. டிறம்மையே திரும்பப் பூட்டினான்.

"நிக்கிற பிறேக்கைப் பூட்டுங்கோ. பாரம் குறையிற பிறேக் வேண்டாம்," என்று அன்றைக்கே அவன் மனைவி ஷெரோன் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதற்காக அல்ல, தராசு சொன்னதற்காக அவன் டிறம்மோடு போக முடிவெடுத்தான்.

புதன்கிழமை ஷெரோன் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தாள். ஐந்தாம் மாதம். வீட்டுக்குள் போகமுன் கிறிஸ்துநாயகத்தின் வளவில் நின்ற றஜிந்தனைக் கண்டு, சும்மா பகிடிக்குத் தராசில் ஏறினாள். முள் ஐம்பத்தாறில் நின்றது.

"இஞ்சேருங்கோ, கிளினிக்கிலை இப்பதான் ஐம்பத்தெட்டு எண்டு எழுதினவை."

"வாற வழியிலை வேர்த்திருக்கும்," என்றான் றஜிந்தன்.

"ரெண்டு கிலோவோ?"

அவன் கிறிஸ்துநாயகத்தைப் பார்த்தான். அவர் ஐஸ் பெட்டிக்குள் எதையோ தேடினார்.

"நாயகம் அண்ணை, உந்தத் தராசு சரிதானே?"

"சரிதான். கூடைக்கு ரெண்டு கிலோ கழிச்சு வைச்சிருக்கு. நெடுகத் தனியக் கழிக்கேலாதெல்லோ."

"வெறுந்தட்டிலை முள் பூச்சியத்திலைதானே நிண்டது?"

"பூச்சியத்துக்குக் கீழை போகாமல் ஆணி அடிச்சிருக்கு."

"திங்கட்கிழமை ஏன் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே. மீன்காரர் எல்லாருக்கும் தெரியும். நீ காரைக் கொண்டுவந்தாய். காருக்குக் கூடை இல்லையெண்டு எனக்கு அந்த நேரம் மண்டையிலை ஓடேல்லையடா."

நான்கு சில்லு, எட்டுக் கிலோ. கார் ஐந்நூற்றுநான்கு. வெள்ளிக்கிழமை காலை நீர்வேலிச் சிநேகிதன் லக்சனின் வாழைக்குலை லொறி வந்து காரை ஏற்றப்போகிறது. கழற்றக்கூடியதெல்லாம் போன மாதமே கழன்றிருந்தது. றஜிந்தன் ஒரு பழைய தயரில் குந்திவிட்டான்.

ஷெரோன்தான் கேட்டாள்: "பின்னாலை ஒரு சில்லிலை எவ்வளவு?"

"உண்மையிலை தொண்ணூற்றெட்டு."

"எங்கடை மோட்டார் சைக்கிளிலை நாங்கள் ரெண்டுபேரும் போறம். அதின்ரை பின்சில்லிலை எவ்வளவு? அது நிக்குதுதானே?"

அவன் எழும்பினான். மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து பின்சில்லைத் தட்டில் ஏற்றினான். "நீர் பின்னாலை ஏறும் பாப்பம்." கிறிஸ்துநாயகம் கைபிடியைப் பிடித்துக்கொள்ள இருவரும் ஏறி இருந்தார்கள். முள் நூற்று அறுபத்தாறைக் காட்டியது.

அந்தப் பாரத்தை நிறுத்துவது ஒற்றைப் பிஸ்டன் உள்ள, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பின் டிஸ்க் பிறேக். எண்ணெய் கொஞ்சம் போதும். காரின் பின்சில்லோ இதைவிடப் பாரம் குறைவு; பிறேக் பிடித்தால் பாரம் முன்னுக்குப் போய் இன்னும் குறையும். இவ்வளவு நாளும் அவன் பெரியதையே தேடியிருந்தான். அந்தச் சின்னச் சாமானை மதித்து ஒரு தடவை பார்த்ததுமில்லை.

"ஒண்டு கிடைச்சிட்டுது," என்றான். பிறகு மதிலோரம் நின்ற கிறிஸ்துநாயகத்தின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். "அண்ணை, உங்கடையும் இதே மொடல்தானே?"

"டேய், விசர்க்கதை கதையாதை."

"எட்டுக் கிலோவாவது குறையும் அண்ணை."

கிறிஸ்துநாயகம் ஷெரோனைப் பார்த்தார். அவள் பக்கமும் ஆறுதல் கிடைக்கவில்லை. "ஒரு கிழமைதான்," என்று வண்டித் திறப்பை எறிந்தார். "நான் நடந்து போறன். ஊர் கேட்டா, என்ரை மோட்டார் சைக்கிள் கார்ப் பந்தயத்துக்குப் போயிட்டுது எண்டு சொல்லுறன்."

வியாழன் மத்தியானத்துக்குள் இரண்டும் பூட்டியாயிற்று. கடற்கரை றோட்டில் ஓட்டிப் பார்த்தான். பெடல் பாதியிலேயே கல்லாக நின்றது. கருவாட்டுப் பந்தலுக்குப் பத்தடி முன்னால் கார் நேராக நின்றது. திரும்பவும் ஓட்டினான், திரும்பவும் அதே இடம். மூன்றாவது தடவை ஷெரோன் பந்தலடியில் வந்து நின்று பார்த்தாள்.

தராசில் பின்சில்லுகள் ஒவ்வொன்றும் தொண்ணூற்றொன்று காட்டின. கிறிஸ்துநாயகம் கேளாமலே, "ரெண்டைக் கூட்டு," என்றார். மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்றுநான்கு.

வெள்ளிக்கிழமை காலை லக்சன் லொறியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினான். பலகை வழியே காரை ஏற்றியபின், லொறியின் சாய்ந்த தட்டில் அது மெல்லப் பின்னுக்கு உருண்டது. லக்சன் தோளைக் கொடுத்துப் பிடித்தான்.

"மச்சான், கை பிறேக்கைப் போடன்!"

"இல்லை."

"என்ன இல்லை?"

"கை பிறேக் டிறம்முக்குள்ளை இருந்தது. டிறம்மோடை அதுவும் போயிட்டுது. பந்தயத்துக்கு அது தேவையில்லை."

"பந்தயத்துக்குத் தேவையில்லை, என்ரை லொறிக்குத் தேவை," என்று சொல்லிக்கொண்டே லக்சன் வாழைத்தண்டு இரண்டைப் பின்சில்லுகளுக்கு அடியில் உதைத்துச் செருகினான். "இதையும் நிறுக்கப் போறியோ?"