கேப் விட்டு அறுத்த மேசை

ரம்பத்தை மரத்தின் மேல் வைத்ததும் கோதண்டம் தலையை வெடுக்கென்று ஒரு முறை குனிகிறார். யாருக்கோ சரி என்று தலையாட்டுவது போலிருக்கும். எதிரே யாரும் இல்லை. நெற்றிக்கு மேலே தூக்கி வைத்த வெல்டிங் முகமூடி அந்த ஆட்டலில் சடக்கென்று முகத்தின் மேல் விழ வேண்டும். முகமூடியோ இப்போது பரணில் ஒரு கோணிக்குள் கிடக்கிறது. அவருடைய கழுத்துக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

சுத்தியலை எடுத்தாலும் அதே ஆட்டல்தான். ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தாலும் அதே. "இன்னாத்துக்குய்யா சும்மா சும்மா சலாம் போட்டுகினு கீறே?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி புஷ்பவல்லி கேட்பார். "நானா? எப்பம்மே?" என்பார் இவர், உண்மையாகவே தெரியாமல்.

கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் அவர் எனக்கு எதிர் வீடு. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் பாதி ஆயுளுக்கு மேல் வெல்டராக இருந்தவர். கிரேன் இடித்து நசுங்கியது, துருவேறி ஓட்டை விழுந்தது என்று வரும் பெட்டிகளில் கெட்ட இடத்தைச் சதுரமாக அறுத்தெடுத்துவிட்டு, அங்கே புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பார். அவர் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன கைபேசியைக் கொடுக்க ஒருமுறை யார்டுக்குப் போயிருந்தேன். பொறி அடங்கியதும் முகமூடியை மெல்ல மேலே தூக்கினார். வைத்த ஒட்டைத் தலை சாய்த்துப் பார்த்தார். "ஆங், கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதன் பிறகுதான் நான் நிற்பதையே கவனித்தார்.

போன வருடம் கண் டாக்டர், இனி அந்த வெளிச்சத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதுவரைக்கும் வெல்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான் அவருக்கும்: கண் எரியும் இரவுகளில் உருளைக்கிழங்கு வில்லைகளை இமை மேல் வைத்துக்கொண்டு படுப்பது. "கொழம்புல போட்டதவிட இவரு கண்ணுல போட்ட கெயங்குதான் ஜாஸ்தி" என்பார் புஷ்பவல்லி. அவர் மருந்துக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கிறார். அந்த ஒற்றைச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

கோதண்டம் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப் பெட்டி எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்துவிடுவார். குடியிருப்பில் பெண்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். ஆனால் குந்திக் குந்தியே பற்றவைத்த முட்டி இரண்டும் இனிமேல் தரையில் உட்கார மாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டன. நின்று வேலை செய்ய ஒரு மேசை வேண்டும். இரும்பில் என்றால் யார்டு தோஸ்துகள் ஒரு மதியத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். "கரண்டு வேலை நைனா. இரும்பு மேல வெச்சிகினு செஞ்சா, மிக்ஸி சுத்துதோ இல்லியோ, நான் சுத்திருவேன்" என்றார். அதனால் மரம்.

இதற்கு ஒரு கெடுவும் இருந்தது. புஷ்பவல்லியின் தம்பி ஜெகதீசன், மாதவரத்தில் ஒரு கிடங்கில் மாமாவுக்கு வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருந்தான். ஒன்றாம் தேதிக்குள் மேசை நின்று வேலை ஓடத் தொடங்கினால் சரி, இல்லையென்றால் கிடங்கு. புஷ்பவல்லி இதைச் சண்டையாகச் சொல்லவில்லை, சோறு போடும்போது சொன்னார். அதனால் தட்டிக்கழிக்கவும் முடியவில்லை. "கேட்டப் பாத்துகினு குந்திகினே இருக்கணுமாம் நைனா. கேட்டு எங்கனா ஓடிப்புடுமா?" என்று என்னிடம் வந்து குமுறினார்.

துறைமுகத்தில் இறங்கும் இயந்திரங்களைச் சுற்றி வரும் பெட்டி மரம் எங்கள் பக்கம் எடை போட்டுக் கிடைக்கும். ஆணியும் அழுக்குமாக ஒரு தள்ளுவண்டி நிறைய வாங்கி வந்தார். பலகைகளில், நனையக் கூடாது, உடையக் கூடாது என்று குடைப் படமும் கண்ணாடிக் கோப்பைப் படமும் அச்சடித்திருந்தன. கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் மேசை செய்யும் வீடியோவைத் தினமும் பார்த்தார். அந்த ஆளின் கொட்டகையில் எங்கள் மாடி முழுக்க அடங்கிவிடும். "அவனும் அளந்துகினே கீறான், அளந்துகினே கீறான். எப்பதான் அறுப்பான்?" என்று அலுத்துக்கொண்டு, பாதியிலேயே நிறுத்திவிட்டு ரம்பத்தை எடுத்துவிட்டார்.

அங்கேதான் வந்தது பேஜாரு. இரும்பில் இரண்டு துண்டுகளை நெருக்கி வைத்துப் பற்றவைக்க மாட்டார்கள். நடுவில் கொஞ்சம் இடம் விடுவார்கள், உருகும் கம்பி அதில் இறங்கி நிரம்பிக்கொள்ளும். "கேப்புலதான் நைனா வெல்டிங்கே குந்தும்" என்று எனக்கே பாடம் எடுத்திருக்கிறார். அதே கை, அதே சாக்பீஸ் கோடு. குறுக்குச் சட்டங்கள் அத்தனையையும் கேப் விட்டு, கோட்டுக்கு உள்பக்கமாகவே அறுத்துத் தள்ளினார். பூட்டிப் பார்த்தபோது ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சந்து. அதன் வழியே எதிர்க் கொடியில் காயும் என் லுங்கி தெரிந்தது.

அசரவில்லை மனிதர். ரம்பத்தூளைப் பசையில் குழைத்துச் சந்துகளில் அப்பினார். காயக் காயத் தடவிப் பார்த்தார். மரத்துக்கும் வெல்டிங் வைத்துவிட்டதாகவே நினைத்தார் போலும். மறுநாள் ஒரு கூட்ஸ் வண்டி போனது. எங்கள் குடியிருப்பு வழக்கம்போல ஒரு குலுங்கு குலுங்கியது. அப்பியதெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து தரையில் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெகதீசன் வாட்ச்மேன் சட்டையை அளவு பார்க்கக் கொண்டுவந்தான். தெரியாமல் டீ கிளாஸை மேசை மேல் வைத்தான். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, டீ மொத்தமும் கொட்டியது. அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல மாமா, அங்க இந்த ரோதனையே கெடையாது. சேர்ல குந்திகினே இருக்கலாம்" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, அந்த நீலச் சட்டையைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். கோதண்டம் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சரிசெய்யக் கொடுத்த என் மிக்ஸியும் அவர் வீட்டு மூலையில்தான் கிடந்தது, அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"இத்த ஒடச்சு அடுப்புல போட்டுரு புஷ்பா" என்றார்.

"கேஸ் அடுப்புல எங்கய்யா போடறது?"

புஷ்பவல்லி டீயைத் துடைத்த துணியைப் பிழிந்துகொண்டே வந்து நின்றார்.

"நான் தெரியாமத்தான் கேக்கறேன். கண்டெய்னர்ல ஓட்ட வியுந்தா இன்னா பண்ணுவே? கண்டெய்னரத் தூக்கிக் கடல்ல கடாசிட்டு வந்துருவியா?"

கோதண்டம் மேசை மூட்டின் சந்தை விரலால் தடவினார். "பேட்ச்சு வெப்பேன்."

"அப்ப வெய்யி. ஆசாரி மாரி செய்யணும்னு உன்ன யாரு கேட்டாங்க?"

அன்று மாலையே மிச்சப் பலகைகளைச் சதுரம் சதுரமாக அறுத்தார். ஒவ்வொரு மூட்டின் மேலும், சந்தை மூடுகிற மாதிரி, வெளிப்பக்கம் ஒன்று உள்பக்கம் ஒன்றாக வைத்தார். ஆணியைத் தொடவே இல்லை. துளை போட்டு, போல்ட்டை நுழைத்து, வாஷர் போட்டு, ஸ்பேனரால் இறுக்கினார். "நட்டு போல்ட்டு நம்ம ஆளு நைனா, பேச்சு மாறாது" என்றபோது அவர் குரலில் பழைய யார்டு திரும்பியிருந்தது. சரியாக அமையாத இரண்டு ஒட்டுகளை மறுபடி கழற்றி மாட்டினார். அதற்காக அவர் கோபப்படவும் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை.

முப்பதாம் தேதி மேசையைச் சன்னலோரம் நகர்த்தினார்கள். பார்க்க அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உடம்பெல்லாம் பிளாஸ்திரி போட்டவன் நிற்பது போலத்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் மேலே என்று காட்டும் அம்புக்குறி மேசையின் ஒரு காலில் தரையைப் பார்த்து நிற்கிறது. "அது கெடக்கு, கண்டெய்னருக்குள்ள எந்தப் பெட்டி அம்ப மதிச்சு வந்துகீது?" என்றார்.

அதன் மேல் என் மிக்ஸியை வைத்தார். புஷ்பவல்லி ஜாரில் தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் போட்டுவிட்டு, விளிம்பு தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தார். கோதண்டம் சுவிட்சில் கை வைத்தார். வெடுக்கென்று தலை குனிந்தது. இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை.

மிக்ஸி அலறியது. டம்ளரில் தண்ணீர் நடுங்கியது, வட்டம் வட்டமாகச் சுருங்கியது, ஆனால் சிந்தவில்லை. கீழே போன ரயிலுக்குச் சன்னல் கம்பி அதிர்ந்ததே தவிர மேசை அசையவில்லை. சட்னி அரைந்து, சத்தம் நின்றது. புஷ்பவல்லி கதவு ஆணியிலிருந்த நீலச் சட்டையை எடுத்து மடித்து, தம்பிக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு பைக்குள் போட்டார்.

கோதண்டம் அதைக் கவனிக்கவில்லை. தலையைச் சாய்த்து மூட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய், அங்கே இல்லாத முகமூடியை மெல்ல மேலே தூக்கிவிட்டார்.